அம்மாவின் தனிக்கதவு: லண்டன் ஷெல்டர்ட் ஹவுசிங்கில் மூன்று ஆண்டுகள்

2022 ஜனவரியில் அம்மா இரண்டு நாள் இரவு பகல் தெரியாமல் பிதற்றியபோது, மறதி நோய் தொடங்கிவிட்டது என்றே நாங்கள் முடிவுகட்டினோம். மருத்துவமனையில் சோதித்துப் பார்த்தவர்கள், அது சிறுநீர்த் தொற்று என்றும், வயதானவர்களுக்கு அந்தத் தொற்று வந்தால் எரிவோ காய்ச்சலோ தெரியாமல் மனக்குழப்பம் மட்டும் முன்னால் வந்து நிற்பதுண்டு என்றும் விளக்கினார்கள். நாளொன்றுக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார் என்று தாதி கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அம்மா மிகச் சாதாரணமாகப் பதில் சொன்னார்: "பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு குடிக்கிறேல்லை தம்பி. குடிச்சா மேல ஏற வேணுமெல்லே?"

வடமேற்கு லண்டனில் 1994ஆம் ஆண்டிலிருந்து நாங்கள் கவுன்சிலிடம் (உள்ளூராட்சியிடம்) வாடகைக்கு எடுத்திருந்த மூன்று படுக்கையறை வீடு அது. இந்த நாட்டின் பழைய வீடுகள் பலவற்றைப் போல அங்கும் குளியலறையும் கழிவறையும் மேல்மாடியில்தான் இருந்தன. கீழே குசினி, மேலே கழிவறை, நடுவில் பதின்மூன்று படிகள். அப்பா 2018இல் காலமான பிறகு அந்தப் படிகளை அம்மா தனியாகவே ஏறி இறங்கினார். முழங்கால் வலி கூடக்கூட ஏறும் தடவைகளைக் குறைத்தார். ஏறுவதைக் குறைப்பதற்காகத் தண்ணீரைக் குறைத்தார். வாரத்தில் மூன்று நாள் போய்ப் பார்த்த எனக்கும், ரொறன்ரோவிலிருந்து தினமும் வீடியோவில் கதைத்த தங்கைக்கும் இது தெரியவேயில்லை. விழுந்தாரா, சாப்பிட்டாரா, மருந்து எடுத்தாரா என்று கேட்டோமே தவிர, கழிவறைக்கு எத்தனை தரம் போகிறீர்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தனியாக வாழும் தாய் தந்தையர் உள்ளவர்களிடம் நான் இப்போது முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான்.

அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிவருவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றிய வழி. ஆனால் என் வீட்டிலும் குளியலறை மேலேதான் இருக்கிறது. நானும் மனைவியும் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புகிறோம். அம்மா அதை எங்களைவிடத் தெளிவாகக் கண்டிருந்தார். "உன்ர வீட்டில நான் பகல் முழுக்கத் தனிய இருக்கிற விருந்தாளி" என்றார். இருந்த வீட்டிலேயே படியேற்றும் கதிரை பொருத்தலாமா என்று யோசித்தோம். உடல் இயலாமை உள்ளவர்களின் வீட்டை மாற்றியமைக்க இங்கிலாந்தில் 30,000 பவுண்ட் வரை அரசு மானியம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள் என்றாலும் அம்மாவுக்குக் கிடைத்திருக்கும். ஆயினும் வீட்டைப் பார்வையிட வந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் தாமே செய்ய வழிகாட்டும் நிபுணர்), கதிரை பொருத்தினாலும் குளிர்காலத்தில் சூடாக்க முடியாத மூன்று அறைகளும், வெட்ட ஆளில்லாத தோட்டமும், அயலில் அறிமுகமற்ற முகங்களும் அப்படியே இருக்கும் அல்லவா என்று கேட்டார். ஷெல்டர்ட் ஹவுசிங் என்ற சொல்லை எங்களிடம் முதலில் சொன்னவரும் அவர்தான்.

அந்தச் சொல்லை அம்மாவுக்கு மொழிபெயர்த்ததில் நான் பெரிய பிழை விட்டேன். அவசரத்தில் என் வாயில் வந்தது "முதியோர் இல்லம்". ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அம்மா மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. தங்கையிடம் மட்டும், "தம்பி என்னை ஹோமில விடப்போறான்" என்று அழுதிருக்கிறார். பிறகு நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. இங்கே மூன்று வகைகள் இருக்கின்றன. கேர் ஹோம் என்பது ஒரு அறையும், நேரத்துக்குச் சாப்பாடும், முழுநேரப் பராமரிப்பும் தரும் இல்லம். அங்கே இருப்பவர் வாடகைக்காரர் அல்லர். ஷெல்டர்ட் ஹவுசிங் என்பது, பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்காக ஒதுக்கப்பட்ட தொடர்மாடியில், தனிக் கதவும் தனிக் குசினியும் தனிக் குளியலறையும் உள்ள சொந்தக் குடியிருப்பு. வாடகை ஒப்பந்தம் நம் பெயரில் இருக்கும், திறப்பு நம் கையில் இருக்கும். கூடுதலாக ஆபத்து நேரத்தில் இழுத்தால் உதவி மையத்தோடு பேசவைக்கும் ஒரு கயிறும், விசாரிக்க ஒரு ஸ்கீம் மேனேஜரும், எல்லோரும் கூடியிருக்க ஒரு பொதுக்கூடமும் உண்டு. இவ்விரண்டுக்கும் நடுவில் எக்ஸ்ட்ரா கேர் என்றொரு வகை இருக்கிறது: வீடு நம்முடையதுதான், ஆனால் பராமரிப்புப் பணியாளர்கள் இரவு பகலாக அதே கட்டடத்தில் இருப்பார்கள். இதையெல்லாம் கேட்டு முடித்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கதவை உள்ளுக்கால பூட்டலாமோ?" பூட்டலாம் என்றேன். "அப்ப அது வீடுதான்" என்றார்.

அடுத்த ஆறு மாதங்களில் நான்கு இடங்களைப் பார்த்தோம். மூன்று படுக்கையறை வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறிய இடத்துக்குப் போக விரும்பும் முதியவர்களுக்குக் கவுன்சில்கள் பொதுவாக முன்னுரிமை தருகின்றன. பெரிய வீடுகளுக்குக் குடும்பங்கள் வரிசையில் காத்திருப்பதே காரணம். சில கவுன்சில்கள் இடம்மாறும் செலவுக்குப் பணமும் தருகின்றன. கேட்டால்தான் சொல்வார்கள், ஆகவே கேட்க வேண்டும்.

பார்க்கப் போகும்போது அழகைப் பார்க்காமல் தூரத்தையும் பாரத்தையும் பார்க்க வேண்டும் என்பது எங்களுக்கு இரண்டாவது இடத்தில்தான் புரிந்தது. அங்கே பொதுக்கூடம் விருந்தகம் போல இருந்தது; ஆனால் பேருந்து நிறுத்தம் ஏற்றத்தின் உச்சியில் இருந்தது, மூன்று மாடிக்கும் ஒரே லிஃப்ட். அந்த லிஃப்ட் பழுதானால் எத்தனை நாளில் திருத்துவார்கள் என்று அங்கே குடியிருந்த ஒரு முதியவரிடமே கேட்டோம். அவர் சொன்ன பதில் அலுவலகத்தில் சொன்ன பதிலோடு ஒத்துப்போகவில்லை. அன்றிலிருந்து, அலுவலர் காட்டும் சுற்று முடிந்ததும் பொதுக்கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து, இருப்பவர்களோடு கதைத்துவிட்டுத்தான் வெளிக்கிடுவது என்று வைத்துக்கொண்டோம். மாலை நாலு மணிக்கு அந்தக் கூடத்தில் யாராவது இருக்கிறார்களா, அல்லது கதிரைகள் மட்டும் இருக்கின்றனவா என்பது எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் வராது.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: ஸ்கீம் மேனேஜர் வாரத்தில் எத்தனை மணி நேரம் கட்டடத்தில் இருப்பார்? முந்திய காலத்தில் வார்டன் என்றொருவர் கட்டடத்திலேயே குடும்பத்தோடு குடியிருந்து, இரவில் மணி அடித்தாலும் வந்து பார்ப்பாராம். 2003இல் 'சப்போர்ட்டிங் பீப்பிள்' என்ற திட்டத்தின்கீழ் இந்த உதவிகளுக்கென்றே அரசு தனியாகப் பணம் ஒதுக்கியது. 2009இல் அந்தப் பணத்தை இதற்கு மட்டும்தான் செலவிட வேண்டும் என்ற கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு, உள்ளூராட்சிகளின் செலவு குறையக் குறைய, குடியிருக்கும் வார்டன்கள் அநேகமாக மறைந்துபோனார்கள். பெயர் அதேதான், உள்ளே இருக்கும் உதவி இடத்துக்கு இடம் வேறு. அம்மா இப்போது இருக்கும் கட்டடத்தில் மேனேஜர் வாரநாட்களில் காலை மட்டும் இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் கயிறும், அந்தக் கயிற்றின் மறுமுனையில் வேறு ஊரில் இருக்கும் ஒரு குரலும்தான்.

நாலாவதாகப் பார்த்த இடத்துக்கு 2022 ஒக்ரோபரில் குடிபோனார். தரைத்தளம், நிலத்தோடு மட்டமான ஷவர், யன்னலுக்கு வெளியே ஒரு அப்பிள் மரம். அந்த இடத்தை அம்மாவுக்குப் பிடிக்க வைத்தவர் எதிர்க்கதவில் இருந்த குஜராத்திப் பெண்மணி. 1972இல் இடி அமீன் உகண்டாவிலிருந்து ஆசியர்களைத் துரத்தியபோது கைப்பெட்டியோடு வந்த குடும்பம் அவருடையது. இருவருக்கும் பொதுவான மொழி அரைகுறை ஆங்கிலம். பொதுவான கதை, விட்டுவந்த வீடு. வெள்ளிக்கிழமை இருவரும் மரக்கறி. அம்மா இடியப்பம் கொடுப்பார், அவர் டோக்ளா கொடுப்பார்.

பண விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஆட்கள் பலர் உரிமையான பணத்தைக் கேட்காமல் விடுகிறார்கள். வாடகையோடு சேவைக் கட்டணம் என்றொன்று வரும். பொது இடங்களின் துப்புரவு, லிஃப்ட், தோட்டம் போன்றவற்றுக்கான பகுதியை, வாடகைக்கான அரசு உதவியான ஹவுசிங் பெனிஃபிட் ஏற்றுக்கொள்ளும். சொந்த அறைக்கான வெப்பம், சுடுதண்ணீர், ஆபத்து மணிச் சேவை போன்றவற்றை ஏற்காது. ஆகவே கட்டணத்தைப் பிரித்து எழுதித் தரும்படி கையெழுத்து வைக்கும் முன்பே கேட்க வேண்டும். சேமிப்பு 16,000 பவுண்டுக்கு மேல் இருந்தால், பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த ஓய்வூதியருக்கான அரசு உதவி) என்பதன் கேரண்டி கிரெடிட் பகுதி கிடைப்பவர்களைத் தவிர, மற்றவர்களுக்கு ஹவுசிங் பெனிஃபிட் இல்லை. ஊரில் இருக்கும் காணியும் வங்கி வைப்பும் கணக்கில் வரும் என்பதை மறைக்கக்கூடாது. அம்மாவின் காணி பல ஆண்டுகளுக்கு முன்பே தங்கையின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. உறுதியின் பிரதியை ஆங்கில மொழிபெயர்ப்போடு கொடுத்தோம், ஒரு சிக்கலும் வரவில்லை.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் என்பது வருமானத்தையோ சேமிப்பையோ பார்க்காமல், பென்ஷன் வயதைக் கடந்தவர்களில் அன்றாட வேலைகளுக்கு உதவி தேவைப்படுவோருக்குக் கொடுக்கும் பணம். பகலில் அல்லது இரவில் மட்டும் உதவி தேவையென்றால் 2025-26இல் வாரம் 73.90 பவுண்ட், இரண்டு வேளையும் தேவையென்றால் 110.40 பவுண்ட். உதவி தேவைப்படத் தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் உதவ ஒருவர் உண்மையில் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் முதல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பிழை எங்களுடையதுதான். உடுப்பு மாற்றுவீர்களா என்று படிவம் கேட்க, அம்மா "மாத்துவன்" என்றார், நான் அப்படியே எழுதினேன். அது உண்மைதான், ஆனால் அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆகிறது என்பதும், இடது கை தோளுக்கு மேல் எழும்பாது என்பதும், சட்டைக்குப் பின்னால் கொக்கி மாட்ட முடியாமல் அம்மா முன்னால் பொத்தான் உள்ள சட்டைகளாகவே மாற்றிவிட்டார் என்பதும் அதைவிட உண்மை. முடியும் என்று சொல்லி வளர்ந்தவர்களிடம் முடியுமா என்று கேட்டால் முடியும் என்றுதான் சொல்வார்கள். மறுபரிசீலனைக்கு ஒரு மாத அவகாசம் உண்டு. அதற்குள் ஒரு வாரம் முழுதும் அம்மா செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் ஆகிறது, எதைச் செய்யாமலே விட்டுவிடுகிறார் என்று குறித்து அனுப்பினோம். இரண்டாம் முறை கிடைத்தது. அது கிடைத்ததும் தனியாக வாழ்பவர் என்ற அடிப்படையில் பென்ஷன் கிரெடிட்டிலும் ஒரு தொகை கூடியது. இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை: பிள்ளைகளில் யாராவது அவரைப் பராமரிப்பதாகக் கேரர்ஸ் அலவன்ஸ் எடுத்தால் அந்தக் கூடுதல் தொகை நின்றுவிடும். எடுக்கும் முன் இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இனி அந்தச் சிவப்புக் கயிற்றைப் பற்றி.

இங்கே குளியலறையின் மின்விளக்கையும் கயிறு இழுத்துத்தான் போடுவார்கள். ஈரக்கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்பதற்காக. வெள்ளைக் கயிறு விளக்குக்கு, சிவப்புக் கயிறு ஆபத்துக்கு. குடிபோன முதல் வாரத்திலேயே அம்மா இருட்டில் இரண்டு தரம் சிவப்பை இழுத்துவிட்டார். சுவரிலிருந்த பெட்டி பேசத் தொடங்க, வெட்கப்பட்டுப்போய், இனித் தவறுதலாகக் கைபடக்கூடாது என்று அந்தக் கயிற்றை மூன்று மடிப்பாக மடித்து, தோளுயரத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். நான் அந்த முடிச்சைப் பார்த்தும் இருக்கிறேன். நேர்த்தியாக இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

2023 மார்ச்சில் ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். கயிறு தலைக்கு மேலே முடிச்சோடு தொங்கியது. எழும்ப முடியாமல், குளியலறையிலிருந்து முன்நடைவரை ஊர்ந்து ஊர்ந்து வந்து, அங்கிருந்த கயிற்றை இழுத்தார். பெட்டியிலிருந்து குரல் வந்தது. "ஹலோ, ஆர் யூ ஓகே?" அம்மா பதில் சொன்னார்: "ஓகே, ஓகே. தேங்க் யூ." இணைப்பு முடிந்தது. காலை ஒன்பது மணிக்கு வழக்கமாக வரும் விசாரிப்பு அழைப்புக்குப் பதில் இல்லாததால் மேனேஜர் மாற்றுத் திறப்பால் கதவைத் திறந்தபோது, அம்மா நான்கு மணி நேரமாகத் தரையில் கிடந்திருந்தார்.

எலும்பு முறியவில்லை. ஆனால் வயதானவர்கள் விழுந்த இடத்திலேயே மணிக்கணக்கில் கிடந்தால் உடல் குளிர்ந்துபோவதும், நீர் வற்றுவதும், அழுத்தப்பட்ட தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குவதும் விழுந்த காயத்தைவிடப் பெரிய ஆபத்து என்று மருத்துவர் சொன்னார். பிறகு நான் கேட்டதன்பேரில் அந்த அழைப்பின் ஒலிப்பதிவை எனக்குப் போட்டுக் காட்டினார்கள். பதினொரு விநாடி. அம்மாவின் குரலில் நடுக்கம் தெளிவாகக் கேட்கிறது. மறுமுனையில் இருந்தவர் கேட்டது தவறான கேள்வி என்று நான் இன்றும் நினைக்கிறேன். விடிகாலையில் எண்பது வயதுப் பெண் கயிற்றை இழுத்தால், எங்கே இருக்கிறீர்கள், எழும்பி நிற்கிறீர்களா என்றுதான் கேட்டிருக்க வேண்டும். ஆனாலும் அம்மா ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக இந்த நாட்டில் யார் எதைக் கேட்டாலும் அவருக்குக் கைகொடுத்த சொல் அது. பேருந்துச் சாரதியிடமும் மருத்துவரிடமும் கடைக்காரரிடமும் "ஓகே, தேங்க் யூ". பயத்தில் இரண்டாம் மொழி முதலில் போய்விடுகிறது. மிஞ்சுவது மரியாதைச் சொல் மட்டும்.

அதன் பிறகு செய்தவற்றைச் சொல்கிறேன். மணிச் சேவையின் பதிவேட்டில் அம்மாவின் பெயருக்குக் கீழே, இவருக்குத் தமிழ்தான் மொழி, 'ஓகே' என்று சொன்னாலும் நம்பவேண்டாம், விழுந்தீர்களா என்று தனியாகக் கேளுங்கள், என்ன பதில் வந்தாலும் மகனை அழையுங்கள், தேவைப்பட்டால் தொலைபேசி வழித் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணையுங்கள் என்று எழுதுவித்தோம். எழுதுவதற்கு இடம் இருந்தது. நாங்கள்தான் முதல் நாள் அதை நிரப்பச் சொல்லவில்லை. குளியலறைக் கயிற்றை அவிழ்த்து, கீழ் வளையம் தரையிலிருந்து பத்து சென்ரிமீற்றர் உயரத்திலும், இன்னொரு வளையம் இடுப்பளவிலும் தொங்கும்படி சரிசெய்தோம். விழுந்து கிடப்பவருக்குக் கீழ் வளையம், கதிரையில் இருப்பவருக்கு மேல் வளையம். துப்புரவு செய்ய வருபவர்களும் கயிற்றைச் சுருட்டி மேலே செருகிவிடுவதுண்டு. ஆகவே பெற்றோர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் குளியலறையை எட்டிப்பார்ப்பது நல்லது. வெள்ளைக் கயிற்றின் நுனியில் ஒரு பெரிய மரமணியைக் கட்டினோம், இருட்டிலும் கைக்கு வித்தியாசம் தெரியும்படி.

கழுத்தில் மாட்டும் பொத்தான் ஒன்றும் முதலிலேயே தந்திருந்தார்கள். அதை அம்மா சாமிப் படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவைத்திருந்தார். கழுத்தில் தொங்குவது நோயாளியின் அடையாளம் போல இருக்கிறது என்று நினைத்தார். கையில் கட்டும் வகையும் இருக்கிறது என்று அறிந்து அதற்கு மாற்றினோம். காப்போடு காப்பாகக் கிடக்கிறது, குளிக்கும்போதும் கழற்றுவதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு நான் போகும்போது அம்மாவே அதை அழுத்திப் பார்ப்பார். மறுமுனைக்காரரிடம் சொல்லவேண்டிய மூன்று சொற்களை வரிசையாகச் சொல்வார்: "ஃபோல். ஹெல்ப். சன்." இது சோதனை என்று நான் பக்கத்திலிருந்து சொல்வேன். பழகிய கை பயத்திலும் வேலை செய்யும் என்பதற்காகத்தான் இந்தப் பயிற்சி.

காலை விசாரிப்பு அழைப்பிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒன்பது மணிக்கு அம்மா சாமி கும்பிடும் நேரம். இடையில் எழும்ப மாட்டார். பதில் இல்லையென்று இரண்டு தரம் கதவைத் திறந்து வந்துவிட்டார்கள், செருப்புக் காலோடு சாமிப் படத்துக்கு முன்னால். நேரத்தைப் பத்துக்கு மாற்றச் சொன்னோம், மாற்றினார்கள். இவ்வளவு சிறிய மாற்றத்தைக் கேட்க எங்களுக்கு ஏழு மாதம் எடுத்தது. விதி என்று நினைத்தது வெறும் வழக்கமாகத்தான் இருந்தது.

தாளிதப் புகையில் தீ மணி அடிக்கும் கதையை லண்டன் தமிழர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு தொடர்மாடியில் அது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குசினியில் இருப்பது பெரும்பாலும் வெப்பத்தை உணரும் கருவி. செத்தல் மிளகாய்ப் புகைக்கு அது அசையாது. முன்நடையில் இருப்பது புகையை உணரும் கருவி; அது அடித்தால் மணிச் சேவைக்குத் தெரியும், அவர்கள் பெட்டி வழியாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். அம்மா செய்த பிழை, புகை போகட்டும் என்று வீட்டின் பிரதான கதவைத் திறந்தது. புகை பொது நடைபாதைக்குப் போனதும் கட்டடம் முழுவதற்குமான மணி அடித்துவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது, இரவு உடையோடு முதியவர்கள் வெளியே வந்து குளிரில் நின்றார்கள். அம்மா அவமானத்தில் இரண்டு வாரம் பொதுக்கூடத்துக்குப் போகவில்லை. இப்போது யன்னலைத் திறந்து, குசினிக் கதவைச் சாத்தி, புகைவாங்கியைப் போட்ட பிறகே அடுப்பை மூட்டுகிறார். மிளகாயும் வடகமும் தாளித்தது என் வீட்டிலிருந்து போத்தலில் போகிறது. சாமி விளக்கு மின்விளக்காக மாறிவிட்டது. அந்தக் கட்டடத்தில் திறந்த சுடருக்கு அனுமதி இல்லை. இதில் அம்மாவின் மனம் இன்னும் ஆறவில்லை. மாதத்தில் ஒருநாள் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய் நெய்விளக்கு ஏற்றச் செய்கிறேன், அது ஈடு ஆகாது என்று தெரிந்தும்.

தீயோடு சேர்ந்த இன்னொரு தொல்லை கதவின் பாரம். வீட்டுக் கதவு தீத்தடுப்புக் கதவு என்பதால் தானாகவே மூடிக்கொள்ளும் விசை பொருத்தியிருக்கிறார்கள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் சாமான் பை என்றால் அந்த விசையோடு போராட முடியாது. அம்மா அதற்குச் செருப்பை ஆப்பாகச் செருகிவைத்தார். அதைக் கண்டு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சாதாரண நேரத்தில் தடையில்லாமல் அசைந்து, தீ மணி அடிக்கும்போது மட்டும் தானாக மூடும் விசையும் உண்டு என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் சொன்னார். அவருடைய பரிந்துரைக் கடிதத்தோடு கேட்டபோது ஐந்து வாரத்தில் மாற்றித் தந்தார்கள். கடிதம் இல்லாமல் நான் கேட்ட இரண்டு தடவையும் பதில்கூட வரவில்லை.

அந்தப் பரிந்துரை எப்படிக் கிடைத்தது என்றால், 2014ஆம் ஆண்டின் கேர் சட்டப்படி, பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தேவை இருப்பதாகத் தெரியும் எவருக்கும் கவுன்சில் மதிப்பீடு செய்தாக வேண்டும். பராமரிக்கும் பிள்ளைக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்கலாம். மதிப்பீட்டில் தேவை என்று கண்டால், ஆயிரம் பவுண்ட் வரையான கைப்பிடி போன்ற சிறு மாற்றங்களும் உதவிச் சாதனங்களும் இலவசம். விழுந்து மருத்துவமனை போய்வந்த பின், மீண்டும் சொந்தமாக இயங்கப் பழக்கும் உதவி ஆறு வாரம் வரை இலவசமாகக் கிடைப்பதுண்டு; அம்மாவுக்கு அது கிடைத்தது. வந்த பெண் அம்மாவைக் குளிப்பாட்டவில்லை. பக்கத்தில் நின்று, கதிரையை எங்கே வைத்து எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பது என்று காட்டிக்கொடுத்தார். ஆறாவது வாரம் கதவுக்கு வெளியே நின்றார். என் கண்ணால் கண்டதில் அதுதான் உண்மையான உதவி. நான் என்றால் முதல் நாளே வாளியைத் தூக்கிக் கொண்டிருப்பேன்.

சொந்தக்காரர்களின் கதை இன்னும் ஓயவில்லை. கல்யாண வீட்டில் ஒரு மாமி, "தாயை ஹோமில விட்டிட்டியளாமே" என்று எல்லோர் முன்னிலும் கேட்டார். அம்மா அந்த மாமியை வீட்டுக்கு வரச்சொன்னார். வந்தவருக்குத் தன் திறப்பால் கதவைத் திறந்து, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தானும் மாலை ஐந்து மணிக்கு ஒரு கோப்பை முழுதாகக் குடித்தார். கழிவறை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் கட்டடத்தின் மணிக் கருவிகளை மாற்றப்போகிறார்கள். நாடு முழுதும் பழைய செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்புகள் 2027 ஜனவரி இறுதிக்குள் நிறுத்தப்படுகின்றன. அவற்றை நம்பியிருக்கும் இழுகயிறுகளும் பொத்தான்களும் இணைய வழிக்கோ கைப்பேசி வலையமைப்புக்கோ மாற வேண்டும். கரண்ட் போனால் புதிய கருவியின் பற்றரி எத்தனை மணி நேரம் தாங்கும், பழைய பதிவேட்டில் எழுதுவித்த தமிழ்க் குறிப்பு புதிய முறைக்கும் போய்ச் சேருமா, அம்மாவின் கைப்பொத்தான் குளியலறைக்குள்ளிருந்தும் எட்டுமா என்று மூன்று கேள்விகளை எழுதி மேனேஜரிடம் கொடுத்திருக்கிறேன். மாற்றும் நாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறேன். வேலையாட்கள் போனதும் அம்மாவைக் குளியலறைத் தரையில் ஒரு தலையணை போட்டு உட்காரவைத்து, அங்கிருந்தே அழுத்தச் சொல்ல வேண்டும்.